உழ உழப் பெருகும் கோரை: மருந்தை எப்போது அடிப்பது?

வணக்கம் மக்களே! கோரைக் களை மண்டிய காட்டில் ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் டிராக்டர் கருவி) விட்டவர்கள் கையைத் தூக்குங்கள். கொஞ்ச நாளிலேயே முன்பைவிட அடர்த்தியாகக் கிளம்பியிருக்குமே? உங்களுக்காகத்தான் இந்த வீடியோ.

அடையாளம்: தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும். சரி, அடுத்தது.

[திரையில்: மண் கழுவிய கோரைக் கிழங்குச் சரம்]

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பிடுங்காமல் பக்குவமாகத் தோண்டினால், கிழங்குகள் பாசிமணி கோத்த மாதிரி வரும். அதில் சில முளைத்திருக்கும், மற்றவை தூங்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்காத கூட்டுக் குடும்பம்! ரோட்டவேட்டர் அந்தச் சரத்தை அறுத்துவிடுகிறது. பாகப்பிரிவினை ஆனதும் ஆளாளுக்கு ஒரு வீடு கட்டிவிடுகிறார்கள். டீசல் செலவழித்து நாமே கோரை நட்டிருக்கிறோம்! இதே கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்குக் காசு கொடுத்து வாங்குவது தனிக் கூத்து.

இனி களைக்கொல்லி மருந்து. களை முளைக்கும் முன் அடிக்கும் பெண்டிமெத்தலின், விதையிலிருந்து வரும் புல்லுக்குச் சரி. கட்டுச்சோற்றோடு கிளம்பும் கோரைக் கிழங்கு அதைக் கண்டுகொள்ளாது.

கரும்பிலும் மக்காச்சோளத்திலும் கோரை 3 முதல் 5 இலை விட்டிருக்கும்போது ஹாலோசல்பியூரான் மெத்தில் 75 சதவீதக் குருணை, ஏக்கருக்கு 36 கிராம். முந்தினால் மருந்தை வாங்கிக்கொள்ள இலை போதாது. பிந்தினால் அடியில் புதுக் கிழங்கு கட்ட ஆரம்பித்திருக்கும்.

பயிரில்லா நிலத்தில் கிளைபோசேட். இலை தயாரிக்கும் சாப்பாடு கிழங்குக்கு இறங்கும்போது மருந்தும் கூடவே இறங்க வேண்டும். அதனால் கோரை செழிப்பாக, பூக்கப்போகிற பருவத்தில் நிற்கணும். வாடிக் கிடக்கும்போது அடித்தால் காசுதான் கருகும். கலங்கல் தண்ணீர் வேண்டாம், மண் துகள் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். அடித்தபின் 2 வாரம் ஏர் உள்ளே போகக்கூடாது. ஆனால் ஒன்று: பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலமாக மட்டுமே இதைத் தெளிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. உங்கள் பகுதி வேளாண் அலுவலரைக் கேட்காமல் கையில் எடுக்காதீர்கள்.

"ஒரே அடியில் காலி" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். இலையே விடாமல் தூங்கும் கிழங்குக்கு மருந்து எந்த வழியாகப் போகும்? அது விழித்து இலை விட்டபின் இன்னொரு சுற்று உண்டு.

உங்கள் காட்டில் ஒரு சதுர அடி தோண்டி, எத்தனை கிழங்கு என்று எண்ணிக் கமெண்டில் போடுங்கள். யார் பெரிய கோரைப் பண்ணையார் என்று பார்த்துவிடலாம்!