கூப்பிடு தூரத்தில் ஓர் ஆறுதல்

நேயர்களுக்கு வணக்கம். அன்றாட வாழ்வில் மனத்துக்கு ஆறுதலும் ஊக்கமும் தரும் எளிய வழிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். வழிகள் பல இருக்கலாம். எனக்குப் பழக்கமானது ஒன்றுதான். வீட்டைச் சுற்றி வாழும் பறவைகளைக் காதுகொடுத்துக் கேட்பதும், கண்ணில் பட்டால் கைவேலையை நிறுத்திவிட்டுச் சற்றுப் பார்ப்பதுமே அது. இதற்காக வேடந்தாங்கலுக்குப் போக வேண்டியதில்லை, தொலைநோக்கியும் வேண்டியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் துணி காயப்போடும் இடத்தில் நின்றாலே போதும்.

கேட்பதை நான் முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. பறவை இலைகளுக்குள் மறைந்துகொள்ளும், குரல் மறையாது. பக்கத்து வீட்டாரை இருமலைக் கொண்டே அறிந்துகொள்வது போல, சில வாரங்கள் கேட்டால் இவற்றையும் அறிந்துகொள்ளலாம். கிழக்கு வெளுப்பதற்கு முன்பே மின்கம்பியிலிருந்து குரல் கொடுப்பது பெரும்பாலும் கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். பொழுது ஏறிய பிறகு, கூட்டமாகச் சருகைக் கிளறிக்கொண்டு ஓயாமல் சத்தமிடுபவை தவிட்டுக்குருவிகள். பங்குனி, சித்திரையில் குயில். பாடுகிறாள் என்று பெண்ணாக்கி நாம் புகழும் அந்தக் 'கூ' ஓசை, கறுத்த உடலும் சிவந்த கண்ணும் கொண்ட ஆண் குயிலுடையது. பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பெண் குயிலுக்குக் 'கிக் கிக்' என்ற கூர்மையான ஒலிதான்.

என் தாயார் படுக்கையில் இருந்த காலத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் அடுக்களைச் சன்னலை ஒட்டி ஓர் எலுமிச்சை மரம் நின்றது. ஒரு கார்காலத் தொடக்கத்தில் அதில் தையல்சிட்டு ஒன்று கூடு கட்டத் தொடங்கியது. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத உடல். குரலோ தெரு முழுவதும் கேட்கும். பெண் பறவை இலையின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சையோ சிலந்தி நூலையோ அதன் வழியாக இழுத்து, அடுத்த இலையோடு சேர்த்துத் தைத்தது. முடிச்சு என்று எதுவும் போடுவதில்லை. துளைக்கு வெளியே இழையின் நுனி பிரிந்து பருத்து நிற்பதால் தையல் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. இலையைக் காம்போடு விட்டுவிடுவதால் அது வாடுவதும் இல்லை. பச்சை இலைகளுக்கு நடுவே இன்னொரு பச்சை இலையாகக் கூடு மறைந்துவிடுகிறது.

மாத்திரை நேரத்தைத் தவிர வேறெதையும் கேட்காமல், எங்களிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்த அம்மா, நான் சொன்னதைக் கேட்ட பிறகு, "தையக்காரி வந்தாளா?" என்று காலையில் விசாரிக்கத் தொடங்கினார். அவர் படுத்திருந்த இடத்திலிருந்து மரம் தெரியாது; குரல் மட்டும் வரும். குரல் கேட்காத நாளில் என்னை எழுப்பிச் சன்னலுக்கு அனுப்புவார். குஞ்சுகள் பொரித்துச் சில நாள்களில், குஞ்சுகளைத் தின்னும் செம்போத்துப் பறவை ஒன்று கூட்டைக் கண்டுபிடித்துவிட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கி நின்றபோது, "எனக்குக் காலையிலேயே கேட்டுச்சு. அது வேற மரம் பாத்துக்கும், நீ கஞ்சியக் கொண்டா" என்றார். அந்தப் பறவை பக்கத்து மனையிலிருந்து மறுபடியும் கத்தத் தொடங்கியதை முதலில் கேட்டவரும் அவர்தாம்.

பறவைகள் நம்மைத் தேற்றுவதற்காகக் கத்துவதில்லை. நம்முடைய கடனும் நோயும் அவற்றுக்குத் தெரியாது. அப்படித் தெரியாத ஓர் உயிர் தன் வேலையைப் பார்ப்பதைக் கவனித்திருக்கும் நேரத்தில், நம் எண்ணம் நம்மையே சுற்றிவருவதை விட்டு வெளியே போகிறது. எனக்குத் தெரிந்த ஆறுதல் இதுதான். ஆகவே மீண்டும் சொல்கிறேன், முதலில் கேளுங்கள். பெயரெல்லாம் பிறகு தெரிந்துகொள்ளலாம்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிவதாகச் சைகை வருகிறது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத மக்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; அதற்கு இன்று வழியில்லை. 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில், பொங்கல் விடுமுறை நாள்களில் 15 நிமிடங்கள் ஓரிடத்தில் நின்று கண்டதையும் கேட்டதையும் எண்ணிக் குறித்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளும் இதில் சேரலாம். கடைசியாக ஒன்று: வெயில் கடுமையாகிவருகிறது. ஆழமில்லாத, வாய் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, பூனை எட்டாத நிழலான இடத்தில் வையுங்கள். கொசு முட்டையிடாதபடி நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். வணக்கம்.