எக்ஸ்எஸ்எல்டி கற்கிறீர்களா? முதலில் காலி ஸ்டைல்ஷீட்டை ஓட்டிப் பாருங்கள்

வணக்கம் மக்களே. ஒரு பாட்காஸ்டின் ஆர்எஸ்எஸ் ஃபீடை, அதாவது எபிசோடுகளைப் பட்டியலிடும் ஃபைலை, குரோமில் திறந்தால் என்ன வரும்? இந்த ஃபைலோடு ஸ்டைல் எதுவும் இணைக்கப்படவில்லை என்று மேலே ஒரு வரி, கீழே டேக் டேக்காக ஒரு மரம். சைட் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஆள் மூடிவிட்டுப் போய்விடுவார். டேகுகளால் எழுதிய இந்த எக்ஸ்எம்எல் ஃபைலைத்தான் இன்று எக்ஸ்எஸ்எல்டி வைத்து, அதாவது எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியை வைத்து, வலைப்பக்கமாக மாற்றப் போகிறோம்.

நிறைய டுடோரியல்களில் முதல் பாடமே ஃபார்-ஈச் என்ற லூப். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படிப் பழகியவர்கள் கடைசிவரை லூப்புக்குள் லூப் எழுதிக்கொண்டே இருப்பார்கள். நாம் வேறு பக்கமாகப் போவோம்.

திரையைப் பாருங்கள். எக்ஸ்எஸ்எல்டியில் எழுதும் ஃபைலுக்குப் பெயர் ஸ்டைல்ஷீட்; எந்த டேகை எப்படி மாற்றுவது என்று அதில் எழுதும் விதிதான் டெம்ப்ளேட். இந்த ஸ்டைல்ஷீட்டில் ஒரு டெம்ப்ளேட்கூட இல்லை, சுத்தமாகக் காலி. டெர்மினலில் எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற கமாண்ட் கொண்டு அதை ஃபீடின் மேல் ஓட்டுகிறேன். ஒன்றும் வராது என்றுதானே நினைத்தீர்கள்? தலைப்பு, லிங்க், தேதி, விவரம் என்று எழுத்தெல்லாம் கொட்டுகிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டாலும் இயந்திரம் வேரிலிருந்து கிளை கிளையாக இறங்கும். எழுத்து கிடைத்த இடத்தில் அப்படியே வெளியே தள்ளும். அதன் உள்ளமைந்த விதி அது. நாம் எழுதும் ஒவ்வொரு டெம்ப்ளேட்டும் இந்த நடையில் குறுக்கே புகுந்து, ‘ஐட்டம் வந்தால் என்னிடம் கொடு’ என்று சொல்வதுதான். ஃபீடில் ஒவ்வொரு எபிசோடும் ஒரு ஐட்டம் டேக்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? கொட்டிய குவியலில் எம்பி3 முகவரி மட்டும் இல்லை. அது என்க்ளோஷர் டேகின் யூஆர்எல் ஆட்ரிபியூட்டில் இருக்கிறது. இயந்திரம் குழந்தைக் கணுக்களில் மட்டும்தான் இறங்கும், ஆட்ரிபியூட் அந்தக் கணக்கில் சேராது. அட் குறி போட்டு நாமாகக் கேட்டால்தான் வரும். ஆடியோ டேகின் சோர்ஸுக்குள் அதை நெளிவு அடைப்புக்குறியில் எழுதிவிட்டால் பிளேயர் தயார்.

அடுத்தது தேதி. ஃபீடில் கிழமை, நேரம், ஜிஎம்டி எல்லாம் சேர்ந்து நீளமாக இருக்கும். பிரவுசர்களுக்குத் தெரிந்தது 1999 நவம்பரில் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 மட்டும்தான். 2007இல் 2.0, 2017இல் 3.0 வந்தும் பிரவுசர் பக்கம் யாரும் அசையவில்லை. தேதியை அழகாக வடிவமைக்கும் ஃபங்ஷன் 2.0இல்தான் வந்தது. அதனால் சப்ஸ்ட்ரிங் வைத்து வெட்டுகிறேன்: 6ஆம் எழுத்திலிருந்து 11 எழுத்து. நாள், மாதம், ஆண்டு மட்டும் நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் ஆட்களே, இங்கே எண்ணிக்கை 1இல் தொடங்கும், பூஜ்யத்தில் இல்லை.

சரி, ஆர்எஸ்எஸ் போலவே ஆட்டம் (Atom) என்று இன்னொரு ஃபீட் வடிவம் இருக்கிறது. இதே ஸ்டைல்ஷீட்டை ஆட்டம் ஃபீடுக்குப் போட்டு, ஐட்டம் என்பதை என்ட்ரி என்று மாற்றினால்? மறுபடி எழுத்துக் குவியல்! டேகின் பெயர் சரி, ஸ்பெல்லிங் சரி. ஆனால் ஆட்டம் டேகுகள் ஒரு நேம்ஸ்பேஸுக்குள், அதாவது டேக் பெயர்களுக்கான ஒரு குடும்பப் பெயருக்குள், இருக்கின்றன, ஆர்எஸ்எஸ் 2.0 டேகுகளுக்கு அது கிடையாது. ஸ்டைல்ஷீட்டின் தலையில் அந்த நேம்ஸ்பேஸை அறிவித்து, ஒரு முன்னொட்டு கொடுத்து, டெம்ப்ளேட் எந்த டேகுக்கு என்று சொல்லும் மேட்சிலும் அதைச் சேர்க்க வேண்டும். பாட்காஸ்ட் ஃபீடில் வரும் ஐட்யூன்ஸ் டேகுகளுக்கும் இதே கதைதான். காலி ஸ்டைல்ஷீட்டை முதலில் காட்டியது இதற்குத்தான். திரையில் எழுத்து கொட்டினால் உங்கள் டெம்ப்ளேட் எதுவோ பொருந்தவில்லை, உள்ளமைந்த விதி ஓடுகிறது என்று உடனே புரிந்துவிடும்.

அப்புறம், ஃபைலை டபுள் கிளிக் செய்து பிரவுசரில் சோதிக்காதீர்கள், பாதுகாப்பு காரணமாக ஸ்டைல்ஷீட் லோட் ஆகாது. பைத்தானின் சின்ன சர்வரை 8000ஆம் போர்ட்டில் ஓட்டிப் பாருங்கள்.

கமென்டில் கேட்பீர்கள், எனக்குத் தெரியும்: குரோம் எக்ஸ்எஸ்எல்டியைத் தூக்கப் போகிறதாமே? ஆமாம், 2025இல் அறிவித்துவிட்டார்கள், பாதுகாப்பைக் காரணமாகச் சொல்லி. போவது பிரவுசருக்குள் நடக்கும் மாற்றம் மட்டும்தான். புதிதாகச் செய்பவர்கள் இந்த வேலையைப் பில்டிலேயே, அதாவது சர்வரில் ஏற்றுவதற்கு முன்பே, முடித்துவிடுங்கள். எக்ஸ்எஸ்எல்டிபிராக் கமாண்டில் முதலில் ஸ்டைல்ஷீட், பிறகு ஃபீட். வருவதை ஹெச்டிஎம்எல் ஃபைலாகச் சேமித்து சர்வரில் ஏற்றுங்கள். 3.0 வசதிகள் வேண்டும் என்றால் எக்ஸ்எஸ்எல்டிபிராக்குக்குப் பதில் சாக்ஸன் என்ற கருவிக்குப் போங்கள், அங்கே தேதியை வெட்டி ஒட்டும் வேலையே இல்லை.