மாத்திரையும் சோறும்

நேயர்களுக்கு வணக்கம்.

தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறது. காசநோய் என்றால் நல்ல காற்று, பால், முட்டை, அதற்கென்றே இருந்த மருத்துவமனையான சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வு என்றிருந்த காலத்தின் மிச்சம் அது. அந்தக் காலம் முடிந்ததிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். வீட்டில் இருந்தவர்களுக்கு இட நெருக்கடி, அரைவயிற்றுச் சாப்பாடு. ஆனாலும் கிட்டத்தட்ட சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகக் குணமடைந்தார்கள். உடன் வசித்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் முடிவுகள் வெளிவந்தன. ஏழை நாடுகளுக்கு அது பெரிய விடுதலை.

என் மனக்குறை அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. நல்ல சாப்பாடு இல்லாமலும் மருந்து கிருமியைக் கொல்லுமா என்பதற்கு அந்த ஆய்வு விடை சொன்னது. நாம் மருத்துவர்கள் அதை, சாப்பாடு ஒரு பொருட்டே இல்லை என்று படித்துக்கொண்டோம். யார் பிழைக்கிறார்கள், அடுத்து வீட்டில் யாருக்கு நோய் வருகிறது என்பதெல்லாம் வேறு கேள்விகள்.

அவற்றை ஜார்க்கண்டில் கேட்டார்கள். ஆய்வின் பெயரே ‘ரேஷன்ஸ்’. நோயாளிகள் அனைவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள். ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, வைட்டமின் மாத்திரை. 2023-இல் வந்த முடிவின்படி, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை! முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது. இதை மட்டும் சற்று நிதானமாகவே ஏற்க வேண்டும்: எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைக்கும் நிலையில் இருந்ததால் எடை கூடியதா என்று இந்தக் கணக்கைக் கொண்டே பிரித்துச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. நோய் உறுதியானதும் எடை, உயரம், மூச்சு வேகம், கால் வீக்கம், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஐந்தேகால் அடி மனிதர் 35 கிலோ இருந்தால், அவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக்கூடாது. படுக்கையில் சேர்க்க வேண்டும். இத்தனைக்கும் தேவை ஓர் எடைக் கருவி, ஓர் அளவு நாடா, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி.

நோயாளிக்கான மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ஆனது. வரவேற்கிறேன். ஆனால், ஐந்து பேர் உள்ள வீட்டில் அந்த ஆயிரத்தில் வாங்கும் பருப்பு நோயாளியின் தட்டுக்கு மட்டும் போவதில்லை. ஜார்க்கண்டில் வீட்டாருக்கும் ஆள் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். இங்கும் குடும்ப அட்டை இருக்கிறது, நியாயவிலைக் கடை இருக்கிறது. நோயாளியின் வீட்டுக்குக் கூடுதல் பருப்பை அந்த வழியிலேயே கொடுத்துவிடலாம்.

வணக்கம்.