4,500 குதிரைத்திறனைச் சுருக்கினால் ஒரு மின்விசிறிகூட ஓடாது!

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஓர் அமெரிக்கப் படகில் மூன்று பேக்கார்டு எஞ்சின்கள் இருந்தன. மூன்றும் சேர்ந்து 4,500 குதிரைத்திறன். அதே படகைச் சாப்பாட்டு மேசையில் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, ரேடியோ கட்டுப்பாட்டில் ஓட்ட எவ்வளவு மின்சாரம் வேண்டும்? ஏட்டுக் கணக்குப்படி, உங்கள் தலைக்கு மேல் சுழலும் பழைய மின்விசிறிக்குத் தேவையானதைவிடக் குறைவு! நம்பாதவர்களுக்குக் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

படகின் பெயர் பிடி-109. எல்கோ நிறுவனம் கட்டிய 80 அடி டார்பிடோ படகு அது; டார்பிடோ என்றால் நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு. 1943 ஆகஸ்ட் 2 அன்று சாலமன் தீவுகளருகே ஜப்பானியப் போர்க்கப்பலான அமகிரி மோதிப் பிளந்தபோது, அதன் தளபதியாக இருந்தவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடி. வரலாறு இத்துடன் போதும், கணக்குக்கு வருவோம்.

[திரையில்: பெரிய படகும் மாதிரியும் அடுத்தடுத்து]

படகை 24-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும். நிஜப் படகின் வேகம் 41 நாட், அதாவது மணிக்குச் சுமார் 76 கிலோமீட்டர். வேகத்தையும் 24-ஆல் வகுத்தால் மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான் வரும். கோயில் பிரகாரம் சுற்றும் பாட்டிகூட அதை முந்திவிடுவார். பிழை எங்கே? படகைச் சுருக்கிவிட்டோம், தண்ணீரைச் சுருக்க முடியவில்லை. இதற்கு வழி கண்டவர் வில்லியம் ஃபிரவுட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870-களின் தொடக்கத்தில் டார்கி நகரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, மெழுகால் செய்த கப்பல் மாதிரிகளை அதில் இழுத்துப் பார்த்தவர் அவர். மாதிரி எழுப்பும் அலையும் நிஜக் கப்பலின் அலையும் ஒரே வடிவில் இருக்க வேண்டுமானால், வேகத்தை 24-ஆல் அல்ல, 24-இன் வர்க்கமூலமான 4.9-ஆல் வகுக்க வேண்டும். விடை, மணிக்குப் பதினைந்தரை கிலோமீட்டர். நிதானமாக மிதிக்கும் சைக்கிளின் வேகம்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடை 24-ஐ மும்முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது 13,824 மடங்கு குறைகிறது. 56 டன் படகு நான்கு கிலோவாகிவிடுகிறது. ஆற்றலோ எடை குறைந்த மடங்கையும் வேகம் குறைந்த மடங்கையும் பெருக்கிய அளவுக்கு, சுமார் 67,700 மடங்கு குறைகிறது. 4,500 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 33 லட்சத்து 57 ஆயிரம் வாட். வகுத்துப் பாருங்கள்: வெறும் 50 வாட்! பழைய மின்விசிறிக்கே 75 வாட் வேண்டும். இன்னொரு வேடிக்கை, இப்போது கடைகளில் கிடைக்கும் பிஎல்டிசி மின்விசிறியில் இருப்பதும் நம் படகில் பொருத்தப்போகும் பிரஷ்லெஸ் மோட்டாரும், அதாவது உரசும் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரும், ஒரே குடும்பம். இந்தக் கணக்கு பிடித்திருந்தால் ஒரு லைக் போடுங்கள், இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு போனது.

நடைமுறையில் 50 வாட் போதாது. சிறிய உடலில் நீரின் உராய்வு ஒப்பளவில் அதிகம், சிறிய புரொப்பல்லரின் திறனும் குறைவு. ஆகவே மூன்று மடங்காக, மோட்டாருக்கு 50 வாட் வீதம் மூன்று மோட்டார்கள் வைப்பதே என் பரிந்துரை. 11.1 வோல்ட், 5,000 மில்லி ஆம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் எண்பது சதவீதத்தை மட்டும் செலவழித்தாலும் முழு வேகத்தில் சுமார் 18 நிமிடம் ஓடும். ஆயிரம் வாட் மோட்டாரைத் திணித்து, போர்ப்படகைத் தண்ணீரில் எகிறும் தவளையாக்குபவர்களை என்னால் ரசிக்க முடிவதில்லை.

உடலைப் பற்றிச் சுருக்கமாக: நிஜப் படகு பிளைவுட்டால் ஆனது என்பது பரவலான தவறு. அது இரண்டு அடுக்கு மஹோகனிப் பலகை. நடுவே பசை தோய்த்த துணி. மாதிரிக்குப் பிளைவுட் சட்டங்கள், பால்சா என்ற இலேசான மரப் பட்டைகள், மேலே எப்பாக்சிப் பிசினில் ஒட்டிய கண்ணாடியிழைத் துணி என்று அமைத்தால் நான்கு கிலோவுக்குள் நிற்கும்.

பேட்டரியை உடனே ஒட்டிவிடாதீர்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் படகை மிதக்கவிட்டு, நீர்க்கோடு, அதாவது உடலில் நீர்மட்டம் தொடும் கோடு, சரியாக அமையும்வரை பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எடை முன்னால் கூடினால், வேகம் எடுத்ததும் மூக்கு நீருக்குள் குத்தும். பின்னால் கூடினால், மூக்கைத் தூக்கிக்கொண்டு துள்ளும். சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் குறித்து, வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். சார்ஜ் ஏற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் அதை வெளியே எடுத்தாக வேண்டும்.