அதியமானின் சிவந்த கண்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சாயங்காலமே பாயை விரித்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, வணக்கம்.

‘பிள்ளைகளை ஆளாக்குவது அதட்டலா, அரவணைப்பா?’ என்பது தலைப்பு. அரவணைப்பே என்று பேச வந்திருக்கிறேன். என் மகன் அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அதனால் ஒரு சொல் கூட்டிச் சொல்லவும் எனக்கு வழியில்லை.

எனக்கு முன் பேசிய அண்ணன் ‘அடியாத மாடு படியாது’ என்றார். அண்ணா, அது மாட்டுக்குச் சொன்னது, மாட்டோடு விட்டுவிடுவோம். அப்புறம் வள்ளுவரையும் துணைக்குக் கூப்பிட்டார். ‘கடிதோச்சி’ என்று மேடை அதிர முழங்கினார். அடுத்து வரும் ‘மெல்ல எறிக’ மட்டும் அவர் தொண்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஓங்கும்போது பலமாக ஓங்கு, விழும்போது மெதுவாக விழட்டும் என்று அரசனுக்குச் சொன்ன குறள் அது. எந்த அதிகாரத்தில் வருகிறது என்றும் பாருங்கள்: ‘வெருவந்த செய்யாமை’. பிறர் நடுங்கும்படி நடக்காதே என்று பெயர் வைத்த அதிகாரத்தில் புகுந்து பிரம்பைத் தேடி எடுத்திருக்கிறார் அண்ணன்!

நாம் நிற்கும் இந்தத் தருமபுரி மண்தான் அன்றைய தகடூர். அதியமான் ஆண்ட ஊர். நெல்லிக்கனிக் கதை நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அந்த அதியமானைப் பார்த்து ஔவையார் பாடியதில் பிள்ளை வளர்ப்பும் இருக்கிறது. புறநானூறு 92ஆம் பாட்டு. குழந்தையின் மழலை யாழுக்கு ஈடாகாது, காலத்தோடும் சேராது, பொருளும் விளங்காது. ஆனாலும் தந்தைக்கு அருள் சுரக்கிறது என்கிறார். என் சொல்லும் அந்த மழலை மாதிரிதான், நீ அருளுள்ளவன், அதனால் கேட்கிறாய் என்று முடிக்கிறார். மழலையைக் கேட்காதவர்தான் குழலும் யாழும் இனிது என்பார்கள் என்றார் வள்ளுவர். ஔவை அப்படிச் சொல்லவில்லை. யாழுக்கு ஈடில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் அருள் வரும் என்கிறார். எனக்கு இங்கே ஔவைதான் பிடிக்கிறது. பிள்ளை பாடியது சுமார்தான் என்று தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடியும். அதற்குப் பொய் தேவையில்லை.

அதே ஔவை 100ஆம் பாட்டில் இன்னொன்று காட்டுகிறார். அதியமானுக்கு மகன் பிறந்திருக்கிறான். போர்க்களத்திலிருந்து வேலோடும் கழலோடும் வந்து பார்க்கிறான். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், ‘தன் சிறுவனை நோக்கியும் சிவப்பு ஆனாவே’. மகனைப் பார்த்தும் அந்தச் சிவப்பு ஆறவில்லை என்கிறார். புலவர் வீரத்தைத்தான் பாடினார், மறுக்கவில்லை. ஆனால் நான் தாயாகப் படிக்கிறேன். பாலக்கோட்டு மண்டியில் தக்காளி விலை விழுந்த அன்றைக்கு நம் வீட்டுக்குள் நுழைகிற கண்ணும் அதே கண்தானே? பெங்களூரில் ஆறு நாள் கட்டடச் சாரத்தில் நின்றுவிட்டு ஏழாம் நாள் பஸ் இறங்கி வருகிறவர் கண்? களத்தில் மூண்ட கோபம், வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை மேல் இறங்குகிறது. அதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் கண்டிப்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகடிப்பதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடுத்திருக்கிறது. வீட்டு வாசலில் அந்தச் சட்டம் செருப்போடு நின்றுவிடுகிறது.

சரி, பாராட்டினால் தலைக்கனம் வரும் என்றார் எதிரணித் தங்கை. அதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 1998இல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றார்கள். சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றார்கள். அடுத்துக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கவிட்டு, மறுபடி பழைய தரத்தில் கொடுத்தார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் முன்னைவிடக் குறைவாகப் போட்டார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்னைவிடக் கூடுதலாகப் போட்டார்கள். அவரவர் மதிப்பெண்ணை அவரவரே எழுதிக் கொடுக்கச் சொன்னபோது, புத்திசாலிகளில் பத்துக்கு நாலு பேர் அளவுக்குக் கூட்டி எழுதினார்கள். பட்டத்தைக் காப்பாற்றப் பொய்! ஆக, தங்கையே, கோளாறு பாராட்டில் இல்லை, எதைப் பாராட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. எதற்கெடுத்தாலும் ‘சூப்பர்’ என்று செல்போனைப் பார்த்தபடி சொல்வது பாராட்டில் சேராது. அது பிள்ளைக்கும் தெரியும்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு விஷயம்.

நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். புழு நான்கு தடவை தோலுரிக்கும். ஒவ்வொரு தடவையும் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். புதிதாக வளர்க்கிறவர்கள் பயந்துபோய்த் தழையைப் போடுவார்கள். போடக்கூடாது. தொடவும் கூடாது. இதெல்லாம் புழு விஷயத்தில் எனக்கு அத்துப்படி. போன வருஷம் என் மகன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வாய் திறக்காமல் கிடந்தபோது மட்டும் கத்தித் தீர்த்தேன். ஒருநாள் புழுப் படுக்கையைச் சுத்தம் செய்யும்போது பழைய செய்தித்தாளுக்கு அடியில் அவனுடைய கணக்குத் தேர்வுத் தாள் கிடைத்தது. நூற்றுக்கு 31. வாசல் வரைக்கும் கத்திக்கொண்டேதான் வந்தேன். தாளில் அடித்து அடித்து எழுதியிருந்ததைப் பார்த்ததும் குரல் அடங்கிவிட்டது. ‘இதை எத்தனை நாளாடா தூக்கிக்கிட்டுத் திரிஞ்சே?’ என்று கேட்டேன். உடைந்து அழுதான். பிறகு, கணக்கில் எந்த வரியில் குறி மாறிப்போகிறது என்று அவனே காட்டினான். மூன்று தடவை அடித்துப் போட்டிருந்தான். ‘மூணு தடவை விடாம முயற்சி பண்ணியிருக்கியே’ என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்த தேர்வில் 90 வாங்கினான் என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். அவன் வாங்கியது 38. அந்தத் தாளை, பையைக் கழற்றுவதற்கு முன்னால் நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினான், ஐயா.

நன்றி, வணக்கம்.