கலெக்டர் ஆபீஸ கொளுத்தாத ஏலியன்

(போன ஞாயித்துக்கிழமை தர்மபுரில எங்க வாசகர் வட்டத்துல பேசுனது. போன்ல ரெக்கார்ட் ஆனத கேட்டு டைப் பண்ணிருக்கேன், நடுவுல கரண்ட் போய் ஜெனரேட்டர் சத்தம் வந்த எடத்துல என்ன பேசுனேன்னு எனக்கே புரியல, அத விட்டுட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பின்னாடி கேக்குதா? சரி.

புடிச்ச படம் ஒன்ன பத்தி பேசுங்கன்னாங்க, எனக்கு முன்னாடி பேசுன ரெண்டு பேரும் நல்ல நல்ல உலக சினிமாவா சொல்லிட்டாங்க, நான் சொல்லப்போறது பக்கா மசாலா. இண்டிபெண்டன்ஸ் டே, ஏலியனுங்க பூமிய அடிக்க வர்ற இங்கிலீஷ் படம். 1996ல வந்தது. அப்ப நான் பெங்களூர் பீன்யால ஒரு லேத் பட்டறைல வேல செஞ்சுட்டு இருந்தேன், நம்ம மாவட்டத்துல பாதி வீட்ல ஒருத்தராவது பெங்களூர்லதான இருப்போம். இங்கிலீஷ் சுத்தமா வராது. பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துலருந்து போன நாலு பேரு, முன்வரிசை டிக்கெட்டு, கழுத்த அண்ணாந்துக்கிட்டே பாத்தோம். மொத சீன்ல நிலாவுல அமெரிக்காக்காரன் கால் பட்ட தடம் இருக்கும், அது மேல மெல்ல ஒரு நிழல் விழும், தரை அதிரும், அந்த தடம் அப்படியே கலைய ஆரம்பிக்கும். ஒரு வசனம் கெடையாது. அதுக்கே எங்களுக்கு வயிறு கலங்கிடுச்சு.

அப்புறம் கப்பலுங்க வரும். ஒவ்வொன்னும் 15 மைல் அகலம், அதாவது 24 கிலோமீட்டர். நம்ம நாலு ரோட்ல ஒரு ஓரத்த வெச்சா இன்னொரு ஓரம் காரிமங்கலம் பக்கத்துல போய் நிக்கும், நடுவுல இருக்கற எல்லா ஊருக்கும் பட்டப்பகல்லயே இருட்டு. அது வந்து பேசாம நிக்கும் பாருங்க, அந்த நிக்கறதுதான் படத்துலயே பெஸ்ட். அப்புறம் வெள்ளை மாளிகை வெடிக்கும், ஊரே எரியும், அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

அந்த எரியறத எப்படி எடுத்தாங்கன்னு பல வருஷம் கழிச்சுதான் படிச்சேன், பட்டறைல வேல செஞ்சவன்ங்கறதால எனக்கு அதுதான் ரொம்ப புடிச்சது. வெள்ளை மாளிகை ஒரிஜினல்ல பன்னெண்டுல ஒரு பங்கு சைஸ்ல செஞ்ச பொம்மை, அத நெஜமாவே வெடி வெச்சு தகர்த்தாங்க. அத விடுங்க, தெரு முழுக்க நெருப்பு சுவரு மாதிரி உருண்டு வருமே, கார எல்லாம் தூக்கி அடிச்சுக்கிட்டு, அது எப்படி? நெருப்புக்கு படுத்துக்கிட்டு போற பழக்கம் கெடையாதே, மேலதான போகும். அதனால அந்த ஆளுங்க பொம்மைத் தெருவயே சாய்ச்சு செங்குத்தா நிக்க வெச்சுட்டாங்க, மேல கேமரா கீழப் பாத்த மாதிரி, அடில வெடி. நெருப்பு அது பாட்டுக்கு மேல ஏறுச்சு, தியேட்டர்ல உக்காந்திருக்கற நமக்கு அது தெருவுல நம்மள பாத்து ஓடி வர்ற மாதிரி இருக்கு. ஏணிய சாய்ச்சு வெச்சுட்டு ரோடுன்னு சொன்ன கத. அந்த படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ்க்கு ஆஸ்கர் குடுத்தாங்க, தாராளமா குடுக்கலாம். ஏழரை கோடி டாலர் போட்டு 80 கோடிக்கு மேல எடுத்தாங்க. எடுத்தவரு ரோலண்ட் எம்மெரிக், ஜெர்மன்காரரு. அமெரிக்காவோட சுதந்திர தினத்துக்கு அவ்ளோ கொடி ஆட்டி படம் எடுக்க ஜெர்மனிலருந்து ஆள் வரவேண்டியிருந்துச்சு, அது தனி காமெடி.

ஆனா வயசாக வயசாக எனக்கு ஒரு சந்தேகம். படத்துல ஒரு எடத்துல சொல்லுவாங்க, இந்த ஏலியனுங்க வெட்டுக்கிளி மாதிரி, ஒரு கிரகத்துக்கு வந்து இருக்கறத எல்லாம் தின்னுட்டு அடுத்ததுக்கு போயிடுவாங்கன்னு. சரிங்க, வெட்டுக்கிளி எந்த ஊர்லயாவது வந்ததும் மொதல்ல கலெக்டர் ஆபீஸ கொளுத்துமா? அது வரும், காட்டுல எறங்கும், திங்கும். தின்னு முடிக்கறப்பதான் நமக்கே வெவரம் தெரியும். எதுனா எடுத்துக்க வர்றவன் எதுக்குங்க எரிக்கணும்?

இந்த மாதிரி கதைக்கெல்லாம் தாத்தா எச்.ஜி.வெல்ஸ்னு ஒரு இங்கிலீஷ் எழுத்தாளரு. அவரோட 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' 1898ல புக்கா வந்துச்சு, செவ்வாய்லருந்து வந்து லண்டன் பக்கம் எறங்கி அடி அடின்னு அடிப்பாங்க. மொத அத்தியாயத்துலயே அந்த மனுஷன் சொல்லிடறாரு, செவ்வாய்க்காரன திட்றதுக்கு முன்னாடி நாம டாஸ்மேனியா ஜனங்கள என்ன பண்ணோம்னு யோசிங்கன்னு. வெள்ளக்காரன் ஆட்சி உச்சில இருக்கறப்ப ஒரு வெள்ளக்காரரே எழுதறாரு. அதாவது இந்த ஏலியன் கத பொறந்ததே, எங்க ஆளு ஊர் ஊரா போய் பண்ணதையே எங்களுக்கு எவனாவது பண்ணா எப்படி இருக்கும்னு ஒருத்தர் யோசிச்சதுலதான். நூறு வருஷத்துல ஹாலிவுட்காரன் அந்த வரிய மட்டும் கழட்டிட்டு வெடிய வெச்சுக்கிட்டான்.

எடுத்துக்க வர்றவன் எதுக்கு எரிக்கணும்னு கேட்டேனே, அந்த கேள்விக்கு நம்மூர்ல பதில் இருக்குங்க. இந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்கெல்லாம் அப்ப பாராமகால்னு பேரு. சண்ட நடந்துச்சு, இல்லன்னு சொல்லல, ராயக்கோட்டை கோட்டைய 1791ல கம்பெனி புடிச்சான், 1792ல ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல திப்பு இந்த சீமைய எழுதிக் குடுத்துட்டாரு. அதோட பீரங்கி சத்தம் நின்னுச்சு. அப்புறம் வந்தது அளவு. கேப்டன் ரீடுன்னு ஒருத்தரு, அவருக்கு கீழ தாமஸ் மன்றோ, சென்னைல தீவுத்திடல் கிட்ட சேணம் இல்லாத குதிரைல உக்காந்திருப்பாரே அவரேதான், இங்க ஏழு வருஷம் இருந்தாரு. ஊர் ஊரா நெலத்த அளந்து, இது நஞ்ச இது புஞ்ச, இவன் பேர்ல இவ்ளோ, இதுக்கு இவ்ளோ தீர்வைன்னு நோட்ல ஏத்துனாங்க. ரயத்துவாரின்னு, அதாவது விவசாயிகிட்டயே நேரா தீர்வை வாங்கறதுன்னு, பின்னாடி மாகாணம் பூரா போனது இங்க பழகுன பழக்கம். ஒரு கூரைய கொளுத்தல. காலைல எந்திரிச்சா அதே ஏரு, அதே களி, ஆனா நெலம் எவ்ளோன்னு நம்மள விட அவனுக்கு நல்லா தெரியும். இத எல்லாம் படமா எடுத்தா எவன் பாப்பான்? கணக்குப்புள்ள எழுதறத ரெண்டு மணி நேரம் காட்ட முடியுமா?

(இங்கதான் கரண்ட் போச்சு.)

...அந்த படத்து க்ளைமாக்ஸ்தான் எல்லாரும் ஓட்டுவாங்க. லேப்டாப்லருந்து வைரஸ ஏத்தி தாய்க்கப்பல கவுத்துடுவாங்க. பட்டறைல ஒரு மெஷின் நட்டு இன்னொரு மெஷினுக்கு சேராது, இவன் எப்படி வேத்து கிரகத்து கம்ப்யூட்டர்ல சொருகுனான்னு அன்னைக்கே என் கூட வந்தவன் கேட்டான். நியாயம்தான். ஆனா அது வெல்ஸுக்கு வெச்ச வணக்கம், அவரு கதைல செவ்வாய்க்காரன பீரங்கியால ஒன்னும் பண்ண முடியாது, கடைசில நம்மூரு கிருமி புடிச்சு செத்துப் போவான்.

சின்ன உசுரு ஒன்னு எதிரிய சாய்க்கறது கதைலதான் நடக்கும்னு நெனச்சேன். எங்க வீட்ல மரவள்ளி போடுவோம். 2020ல கேரளால மாவுப்பூச்சி வந்துருக்குன்னு பேச்சு, அப்புறம் இங்க. தென்அமெரிக்கா பூச்சி. எப்படி வருது தெரியுமா, நடற குச்சிலயே ஒட்டிக்கிட்டு வரும், நாமளே காசு குடுத்து வண்டி வெச்சு ஏத்திட்டு வருவோம். மொதல்ல நுனிக்குருத்து மட்டும் கொத்தா சுருளும், முட்டகோஸ் மாதிரி, பிரிச்சு பாத்தா உள்ள வெள்ளையா மாவு, வெரல்ல பிசுபிசுன்னு ஒட்டும். எங்கப்பா சத்துக் கொறன்னு நெனச்சு உரம் போட்டாரு. ரெண்டு மாசத்துல காடே குட்டையாயிடுச்சு. (மரவள்ளியே தென்அமெரிக்காதான், தக்காளி மிளகாயும் அந்த அமெரிக்கக் கண்டத்துப் பக்கம்தான், அதுங்கள நாம ஏலியன்னு சொல்றதில்ல, குழம்புல போட்டுக்கிட்டோம்.)

இதே பூச்சி எழுபதுகள்ல ஆப்பிரிக்காவுக்கு போய் அந்த ஜனங்க சாப்பாட்டுலயே கைய வெச்சுச்சு. அங்க அத கட்டுப்படுத்துனது மருந்து இல்ல, பராகுவேல தேடி புடிச்ச ஒரு குளவி. அந்த வேலைய நடத்துன ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல உலக உணவுப் பரிசு குடுத்தாங்க, நம்ம படம் வர்றதுக்கு மொத வருஷம். அதே குளவிய 2021ல பெனின் நாட்டுலருந்து பெங்களூருக்கு கொண்டாந்து பெருக்கி, 2022 மார்ச்ல சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துல மொதல்ல விட்டாங்க. அது மாவுப்பூச்சி உள்ள முட்ட வெக்கும், குஞ்சு உள்ளருந்தே தின்னுட்டு ஓட்ட போட்டு வெளிய வரும். ஏலியன் படம் எடுக்கறவங்க கெட்டாங்க போங்க.

கொஞ்ச நாள் கழிச்சு எங்க பக்கமும் ஜீப்ல வந்தாங்க. ஊரே கூடிடுச்சு. எங்கப்பாவுக்கு எண்பது வயசு, குளவின்னதும் தலைக்கு துண்ட இறுக்கி சுத்திக்கிட்டு வந்து நின்னாரு. ஆபீசரு பைலருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவ எடுத்து, செடிக்கு நடுவுல போய் மூடிய தெறந்து ரெண்டு தட்டு தட்டிட்டு, அவ்ளோதாங்கன்னாரு. எங்கப்பா டப்பாக்குள்ள எட்டிப் பாத்தாரு, செடிய பாத்தாரு, மேல வானத்தயும் ஒரு தடவ பாத்துக்கிட்டாரு.

"எங்க சார் குளவி?"

"போயிடுச்சுங்க ஐயா."

"இதுக்கா ஜீப்பு?"