தொடர் நாவல்களுக்காக ஒரு வாதம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

வரலாற்றுப் புனைவும் மிகைபுனைவும் (ஃபேன்டசி) நிறைவு பெறுவது ஒற்றை நாவலிலா, தொடர் நாவல்களிலா என்னும் வினாவுக்கு, தொடர் நாவல்களிலேதான் என்று வாதிட வந்திருக்கிறேன். தொடர் என்பது ஒரே கதையை இழுத்தடித்து விற்கும் வணிகம் என்றார் எதிரணி நண்பர், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ என்னும் மிகைபுனைவுத் தொடரின் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தபின் வாசகர்கள் ஆறாவதற்குக் காத்துக் கிடப்பதையும் எடுத்துக்காட்டினார். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால், ஒரு வரிசை நின்றுபோனதற்காக வடிவத்தையே தள்ளிவிடலாகாது.

அமெரிக்க எழுத்தாளர் என். கே. ஜெமிசினின் ‘உடைந்த பூமி’ முத்தொகுதியில், நாயகியை ‘நீ’ என்று விளித்தே ஒருவன் கதை சொல்கிறான். ஏன் சொல்கிறான் என்பது மூன்றாம் நூலின் இறுதியில்தான் விளங்குகிறது. 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், அறிவியல் புனைவு, மிகைபுனைவு நூல்களில் சிறந்த நாவலுக்கு வழங்கப்படும் ஹியூகோ விருது அந்த மூன்று நூல்களுக்கே சென்றது.

என் வாதத்தின் உயிர்நாடி, 2009, 2012, 2020 ஆகிய ஆண்டுகளில் ஹிலரி மேன்டல் வெளியிட்ட தாமஸ் குரோம்வெல் முத்தொகுதி. கதை 1500ஆம் ஆண்டில், லண்டனை அடுத்த பட்னியில் தொடங்குகிறது. தந்தையிடம் அடிபட்டு முற்றத்துக் கற்களில் கிடக்கும் சிறுவன் குரோம்வெல், தந்தையின் காலணித் தையல் பிரிந்திருப்பதை ஒற்றைக் கண்ணால் பார்க்கிறான். அந்தத் தையல் இழையின் முடிச்சு அவன் புருவத்தைக் கிழித்திருக்கிறது. அவனே வளர்ந்து, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சராகி, இரண்டாம் நூலில் அரசி ஆன் பொலினை வெட்டுமேடைக்கு அனுப்புகிறான். மூன்றாம் நூல் தொடங்கும்போது அரசியின் தலை விழுந்துவிட்டது. அங்கிருந்து நடந்து செல்லும் குரோம்வெல்லுக்குப் பசிக்கிறது.

1540 ஜூலை 28 அன்று அவர் தலையும் வெட்டப்பட்டது என்பது வரலாற்று நூல்களில் ஒரு வரிச் செய்தி. முடிவு தெரிந்திருந்தும் நெஞ்சு பதறுவது ஏன்? இறுதி நொடியில் அவர் நினைவில் பட்னி மீண்டும் எழுகிறது. முதல் நூலை வந்த ஆண்டிலேயே படித்து, அடுத்தவற்றுக்காக 11 ஆண்டுகள் காத்திருந்த வாசகருக்கு, அந்த முற்றம் ஆசிரியர் எடுத்துச் சொல்லும் பின்கதை அன்று. வாசகர் தாமே சுமந்துவந்த பழைய நினைவு. குரோம்வெல்லும் வாசகரும் ஒரே நேரத்தில் அதை நினைத்துக்கொள்கிறார்கள், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.